சங்கமும் சாதியும்: நெய்வேலியை முன்வைத்து ஒரு நூறாண்டுக் கேள்வி

தொழிற்சங்கம் சாதியை எதிர்க்க முடியுமா, எதிர்ப்பது அதன் வேலைதானா என்ற கேள்வி தமிழ்நாட்டில் தொழிற்சங்கத்தோடு கூடப்பிறந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, சங்கத்தின் அழைப்பை ஏற்றவர்களும் ஏற்காத ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் புளியந்தோப்பில் மோதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து இந்தக் கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் ஓரளவுக்குப் பலித்திருக்கிறது. முழுதாகப் பலித்த விடை என்று எதையும் காட்ட முடியவில்லை.

அந்த விடைகளை நெய்வேலியில் வைத்து உரசிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையில் ஆலைக்கு முன்பே ஊரும் சேரியும் இருந்தன. அவை ஆலைக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் புகுந்தன. நெய்வேலியிலோ ஊரையே புதிதாகக் கட்டினார்கள். 1956 நவம்பர் 14-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட நகரியத்தில் வீடு ஒதுக்கீடு பதவி நிலையைப் பொறுத்தது. தெருப் பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கும் பழைய வழக்கம் அங்கே செல்லாது. தொ.மு.ச., சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., அண்ணா தொழிற்சங்கம், பாட்டாளி தொழிற்சங்கம் என்று மாநிலத்தின் எல்லாக் கொடிகளும் அங்கே பறக்கின்றன. 2006-இல் மத்திய அரசு நிறுவனத்தின் பங்குகளை விற்க முற்பட்டபோது இந்தச் சங்கங்கள் சேர்ந்து நின்று அதை நிறுத்தின. 2013-இலும் சேர்ந்து நின்றன. கடைசியில் தமிழக அரசு நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கிக்கொண்டன. இவ்வளவு வலுவான சங்க மரபு உள்ள ஊரில் சாதி என்ன ஆனது என்று கேட்பது நியாயமே.

சாதியை நிறவெறியோடு ஒப்பிடலாமா என்ற சர்ச்சையை இங்கே நீட்டத் தேவையில்லை. 2001 டர்பன் மாநாட்டில் சாதியை இனவாதப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று இந்திய அரசு வாதாடியது. ஆனால் இந்தியா 1960-இலேயே ஏற்றுக்கொண்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கை, இனம், நிறம் ஆகியவற்றோடு சமூகப் பிறப்பையும் அதே வரியில் வைத்து, அதன் பேரில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வேலையிடத்தைப் பொறுத்தவரை அந்த வாதம் அப்போதே முடிந்துவிட்டது.

புளியந்தோப்பு விட்டுச்சென்றது

1921 வேலைநிறுத்தம் ஜூனில் தொடங்கி அக்டோபர்வரை நீண்டது. ஆகஸ்ட் 29-இல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. கடைசியில் சங்கம் தோற்றது. தோல்விக்கு யார் காரணம் என்பதில் அன்றே இரண்டு கதைகள் உருவாகிவிட்டன. ஆதிதிராவிடர்கள் நிர்வாகத்துக்கும் வெள்ளை அரசின் தொழிலாளர் துறைக்கும் துணைபோய் ஒற்றுமையைக் குலைத்தார்கள் என்பது ஒன்று. தங்களைச் சமமாக நடத்தாத ஒரு சங்கத்துக்காகத் தாங்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது மற்றொன்று; ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா இந்தப் பக்கம் நின்றார். நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயரோ ஆதிதிராவிடர்களை நகரைவிட்டே அப்புறப்படுத்தச் சொல்லும் அளவுக்குப் போனார். 1923-இல் ராஜா அந்தக் கட்சியைவிட்டு வெளியேறியதற்கு இந்தக் கசப்பும் காரணம்.

கருங்காலிப் பட்டம் கட்டும் முதல் கதை நெடுங்காலம் தொழிற்சங்க வரலாற்றில் கோலோச்சியது. பின்வந்த ஆய்வாளர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். வேலைநிறுத்தத்தின் விலை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஊரில் கொஞ்சம் நிலமோ, கடன் தரும் உறவோ உள்ளவர் மூன்று மாதம் தாங்குவார். சேரியில் இருப்பவருக்கு வாரக்கூலி நின்றால் அடுத்த வாரம் அடுப்பு எரியாது. சங்கம் எல்லோருக்கும் பொதுவான கோரிக்கை வைத்தால் போதும் என்பதே முதல் விடை. ஆனால் அந்தக் கோரிக்கைக்காகப் பட்டினி கிடக்கும் திறன் சாதிவாரியாகப் பிரிந்திருந்தது. இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்காத சங்கம் பிறகு துரோகம் என்று பேசுவதில் பொருளில்லை. நெய்வேலிக்கு வரும்போது இதே கணக்கு வேறு உருவத்தில் திரும்பி வரும்.

வர்க்கம் முதலில்

இரண்டாவது விடை இடதுசாரிகளுடையது. சாதி என்பது சுரண்டலின் ஒரு கருவி, கூலிப் போராட்டம் வலுக்க வலுக்கச் சாதி தளரும் என்பது அதன் சாரம். இந்த விடைக்குத் தமிழ்நாடு தந்த ஆகச் சிறந்த சான்று ஆலையில் கிடைக்கவில்லை. கீழத்தஞ்சையின் வயலில் கிடைத்தது. 1943 முதல் பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயிகள் சங்கம் பண்ணையாட்களைத் திரட்டியது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் அங்கே நடைமுறைத் தண்டனைகள். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் இரண்டையும் நிறுத்தியது. ஒரு தொழிற்சங்க ஒப்பந்தத்தில் கூலி அளவுக்குப் பக்கத்திலேயே தீண்டாமைக் கொடுமையின் பெயரும் எழுதப்பட்டது என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த வட்டாரத்தில் இன்றும் முதியவர்கள் செங்கொடியை நினைப்பது கூலிக்காக மட்டும் அல்ல.

ஆனால் தஞ்சையின் சான்றுக்கு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது. அங்கே பண்ணையாள் பெரும்பாலும் தலித். பண்ணையார் ஆதிக்க சாதி. கூலி கொடுப்பவனும் சாதி காட்டுபவனும் ஒரே ஆள். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது அது கூலிக்கான பழிவாங்கலா, சாதிக்கான பழிவாங்கலா என்று பிரிக்கவே முடியாமல் இருந்தது. நெய்வேலியில் முதலாளி இந்திய அரசு. சாதி காட்டக்கூடியவர் பக்கத்தில் நின்று வேலை செய்பவராக, மேற்பார்வையாளராக, ஒப்பந்தக்காரராக, சில நேரம் சங்கத்துத் தோழராகவே இருக்கக்கூடும். எதிரி ஒருவனே என்று இருந்த இடத்தில் பலித்த மருந்து, எதிரி பலராகப் பிரிந்திருக்கும் இடத்தில் அப்படியே வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

மன்மாடில் கேட்ட குரல்

மூன்றாவது விடை அம்பேத்கருடையது. 1938 பிப்ரவரியில் மன்மாடில், ரயில்வேயில் வேலை பார்த்த ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்களின் மாநாட்டில் அவர் பேசியது தொழிற்சங்கம் பற்றிய எந்த விவாதத்திலும் தவிர்க்க முடியாத உரை. தொழிலாளிக்கு முதலாளித்துவம், பார்ப்பனியம் என இரண்டு எதிரிகள் என்றார். பார்ப்பனியம் என்று அவர் சொன்னது ஒரு சாதியாரை மட்டும் குறித்து அல்ல. சமத்துவத்தை மறுக்கும் மனப்போக்கு எந்தச் சாதியில் இருந்தாலும் அதைத்தான். தொழிலாளர்களைப் பிரிக்கிறார் என்ற பழிக்கு அவர் நடப்பிலிருந்து விடை சொன்னார். ரயில்வேயில் தலித்துகள் தண்டவாளக் குழுக்களில் கேங்மேன்களாகவே தேங்கிப்போனார்கள். போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பது அரிது; ஏனென்றால் நிலைய அதிகாரி போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தீண்டத்தகாதவரை வீட்டுக்குள் எப்படி விடுவது?

பம்பாய் ஆலைகளில் கதை இன்னும் நுணுக்கமானது. நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே நாடாவில் நூல் அறுந்தால் அதன் துளைவழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரு தலித்தின் எச்சில் பட்ட நாடாவை மற்றவர் வாயில் வைப்பதா என்ற காரணத்தைக் காட்டி அந்தப் பிரிவின் கதவு தலித்துகளுக்கு அடைக்கப்பட்டது. இந்தத் தடையை விதித்தது முதலாளி மட்டும் இல்லை, சக தொழிலாளிகளும்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது எல்லாப் பிரிவுகளிலும் தலித்துகளுக்கு வேலை என்பதையும் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் மனமில்லாமலே இசைந்தார்கள். அதே அம்பேத்கர் 1938 நவம்பர் 7-இல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தே வேலைநிறுத்தம் நடத்தினார். அவர் தனிச்சங்கம் வேண்டும் என்று மட்டும் சொன்னவர் என்று சுருக்குவது வசதியானது, ஆனால் சரியானது அல்ல.

இந்த விடையின் பலவீனம் எண்ணிக்கையில் இருக்கிறது. பெரும்பான்மை உறுப்பினர் உள்ள சங்கத்தோடுதான் நிர்வாகம் பேசும் என்ற ஏற்பாட்டில், ஒரு சிறுபான்மையின் சங்கம் முறையிடலாமே தவிர பேரம் பேச முடியாது. மத்திய அரசு ஊழியர் சங்கங்களுக்கான 1993 அங்கீகார விதிகள் சாதி அடிப்படையிலான சங்கத்துக்கு அங்கீகாரமே கிடையாது என்கின்றன. விதியின் நோக்கம் சாதி அரசியலைத் தடுப்பது. ஆனால் சாதியால் அடிபட்டவரும் அடித்தவரும் அந்த விதியின் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறார்கள்.

பதிவேட்டின் வழி

நெய்வேலியில் உண்மையில் வேலை செய்த விடை நான்காவது: அரசும் சட்டமும். பொதுத்துறை என்பதால் இட ஒதுக்கீடு உண்டு. மண்டல் தீர்ப்புக்குப் பின் 1993 முதல் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27%. 1995-இல் சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 1997 ஜூலையில் மத்தியப் பணியாளர் துறை காலியிடத்துக்குப் பதிலாகப் பணியிடத்தை அடிப்படையாகக் கொண்ட சுழற்சிப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. அகில இந்தியப் போட்டி வழியே நேரடியாக நிரப்பும் பணிகளுக்கான அந்தப் பதிவேட்டைத் திறந்தால் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது இடம் பட்டியல் சாதிக்கு, பதினான்காவது பழங்குடிக்கு என்று வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஆள் எடுக்கும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கு விகிதம் வேறு: பட்டியல் சாதிக்கு 19%, பழங்குடிக்கு 1%. யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பாமல் ஒரு குடும்பத்தைக் கூரை வீட்டிலிருந்து நகரியத்துக் குடியிருப்புக்கு ஏற்றியதில் இந்தக் கோடு போட்ட தாள்களுக்குள்ள பங்கு எந்தப் போராட்டத்தின் பங்கையும்விடக் குறைந்தது அல்ல.

சுற்றுவட்டாரத்தோடு ஒப்பிட்டால் இதன் எடை தெரியும். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்த எல். இளையபெருமாளின் தலைமையில் 1965-இல் அமைந்த குழு தீண்டாமை பற்றி நாடு முழுக்க விசாரித்து 1969-இல் அறிக்கை தந்தது. அந்த அறிக்கைக்குப் பின்னணியான தென்னாற்காட்டுக் கிராமங்கள் நெய்வேலியிலிருந்து பேருந்துத் தொலைவில்தான் இருக்கின்றன. அங்கே தேநீர்க் கடையில் தனிக்குவளை இருந்த காலத்திலேயே, சுரங்கத்துக்குள் பக்கெட் வீல் எந்திரத்தில் பல சாதியாரும் ஒரே ஷிப்டில் ஏறினார்கள். பிலாய் உருக்காலையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜோனதன் பாரி, ஒரே ஷாப்பில் ஒன்றாக உழைத்த முதல் தலைமுறையிடம் சாதி விலகல் மெல்லத் தேய்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார். நெய்வேலியின் நிரந்தரத் தொழிலாளர்களைப் பற்றியும் ஏறக்குறைய இதையே சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஷிப்ட் முடிந்து பெண் கேட்டுப் போகும்போது என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி.

பதிவேட்டின் வழி ஒரு பக்கவிளைவையும் விட்டுச்சென்றது. சாதி சார்ந்த குறைகளைக் கவனிக்க ஒரு தொடர்பு அதிகாரி. அவரிடம் போய்ப் பேச எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச்சங்கம், பிற்படுத்தப்பட்டோர் நலச்சங்கம் என்று தனித்தனி அமைப்புகள். தொழிற்சங்கத்துக்குச் சம்பளம், போனஸ், பதவி உயர்வுக் கொள்கை, நலச்சங்கத்துக்குச் சாதி. யாரும் திட்டமிட்டுச் செய்யாத இந்தப் பாகப்பிரிவினை இரு தரப்புக்கும் வசதியாக அமைந்துவிட்டது. பதவி உயர்வில் தலித்துக்கு இடம் தவறினால் அது சங்கத்தின் ஊதிய ஒப்பந்தத்தில் வராது. ஊதிய ஒப்பந்தத்தில் கடைநிலை வேலைக்குக் குறைவாகப் போனால் அது நலச்சங்கத்தின் மனுவில் வராது. தொழிற்சங்கம் சாதியை எதிர்த்ததா என்று நெய்வேலியில் கேட்டால் கிடைக்கும் நேர்மையான விடை, அந்த வேலையை அது வேறொருவரிடம் விட்டுவிட்டது என்பதாகத்தான் இருக்கும்.

வாக்குச்சீட்டின் கணக்கு

ஐந்தாவது விடை, சாதிகளை அடித்தளமாகக் கொண்டு எழுந்த கட்சிகளின் தொழிற்சங்கங்கள். 1980-இல் வன்னியர் சங்கம், 1987-இல் இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல், 1989-இல் பாட்டாளி மக்கள் கட்சி. கடலூர் மாவட்டத்தில் இந்த அலை மிகப் பெரிது, நெய்வேலியில் பாட்டாளி தொழிற்சங்கமாக அது உருக்கொண்டது. விடுதலைச் சிறுத்தைகளும் தொழிலாளர் அமைப்பை வளர்த்தார்கள். இவற்றை வெறும் சாதிச் சங்கம் என்று ஒதுக்குபவர்கள், நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்த உள்ளூர்க்காரரின் ஆற்றாமையை மற்றச் சங்கங்கள் எவ்வளவு காலம் கேட்காமல் இருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் முற்றாத வயலில் நிறுவனத்தின் எந்திரங்கள் இறங்கியபோதும், 28-ஆம் தேதி ஆர்ச் கேட்டில் பா.ம.க. முற்றுகை கலவரமானபோதும் அந்த ஆற்றாமை வெளியே தெரிந்தது. அதே நேரத்தில் மண்ணின் மைந்தர் என்ற கோரிக்கை நிலம் உள்ளவருக்குப் பேசும் அளவுக்கு நிலமற்ற கூலியாளுக்குப் பேசுமா என்ற கேள்வியும் நிற்கிறது. பட்டா இருந்தவருக்கு இழப்பீடும் வேலைக்கான உரிமைக்குரலும் கிடைத்தன; அந்த வயலில் நடவு நட்டவருக்கு இழப்பதற்குப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை.

நெய்வேலியில் எந்தச் சங்கம் பேச வேண்டும் என்பதை ரகசிய வாக்கெடுப்பு முடிவு செய்கிறது. இது ஜனநாயகமான முறை. ஆனால் அதில் ஜெயிக்க வேண்டுமானால் எந்தப் பெரிய சமூகத்தையும் மனம் கோணவைக்கக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 51% ஆதரவு பெற்ற சங்கத்துக்கே தனிப் பேச்சுரிமை என்கிறது. யாருக்கும் அந்த அளவு கிடைக்காவிட்டால்தான் பல சங்கங்கள் அடங்கிய பேச்சு மன்றம். இந்த ஏற்பாட்டில் சாதியைப் பற்றி வாயைத் திறப்பது எந்தச் சங்கத்துக்கும் வாக்குச்சீட்டு நஷ்டமாகவே தெரியும்.

எந்தப் பாகுபாடு வாக்கு நஷ்டமில்லாமல் பேசக்கூடியது என்பதற்கு 2022 ஓர் எடுத்துக்காட்டு. கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து 299 பட்டதாரிப் பொறியாளர்களை எடுக்க நிறுவனம் முனைந்தபோது, அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எல்லாக் கட்சிகளும் எல்லாச் சங்கங்களும் ஒரே குரலில் எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயம் உண்டு. வெளியே இருப்பவர் நமக்குச் செய்யும் பாகுபாட்டை ஒன்றாகச் சேர்ந்து எதிர்ப்பது எளிது என்பதும் அதில் தெரிந்தது.

கேட்டுக்கு இந்தப் பக்கம்

இதுவரை பார்த்த விடைகள் எல்லாம் நிரந்தரத் தொழிலாளியை மனத்தில் வைத்துச் சொன்னவை. நெய்வேலியில் பிரச்சினையின் மையம் அங்கிருந்து எப்போதோ நகர்ந்துவிட்டது. கன்வேயர் பெல்ட்டில் சிந்தும் கரியை அள்ளுவது, சாம்பல் கையாளும் பகுதி, கொதிகலன் பழுதுபார்ப்பில் கைவேலை, நகரியத்துக் குப்பையும் சாக்கடையும் என்று உடம்பில் அழுக்கும் ஆபத்தும் படும் வேலைகள் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. 2020 ஜூலை 1-ஆம் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் வெடித்தபோது முதல் நாளே இறந்த ஆறு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அடுத்த நாட்களில் மருத்துவமனையில் எண்ணிக்கை கூடியது. 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வாக்குவாதத்துக்குப் பின் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். கேட்டில் யார் யாரோடு எந்தத் தொனியில் பேசலாம் என்பதற்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருப்பதை ஊர் அன்று பேசியது.

பாரி பிலாயில் கண்டதும் இதுவே. ‘நௌக்ரி’ (நிலையான வேலை) உள்ளவர், ‘காம்’ (கூலிவேலை) மட்டும் செய்பவர் என்று உழைக்கும் மக்களே இரண்டாகப் பிளந்துபோனார்கள் என்கிறார் அவர். அந்தப் பிளவு சாதியைவிடக் கூர்மையாகிவிட்டது என்பது அவர் வாதத்தின் போக்கு. நெய்வேலிக்கு அதை அப்படியே பொருத்தலாமா? இங்கே கொஞ்சம் தயங்க வேண்டும். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வன்னியரும் தலித்துகளுமே பெரும்பான்மை. ஒப்பந்த வேலைக்கு வருபவர்களும் இந்த இரு சமூகங்களிலிருந்தே மிகுதியாக வருகிறார்கள். ஆகவே ஒப்பந்த முறை சாதியை வெட்டிக்கொண்டு குறுக்கே போகிறது என்றும் வாதிடலாம். எந்த வேலை யாருக்கு என்பதில் சாதி ஒளிந்திருக்கிறது என்றும் வாதிடலாம். இரண்டில் எது சரி என்று முடிவுசெய்யத் தேவையான கணக்கை எடுக்காதபடியே முறை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தக்காரர் பராமரித்த தொழிலாளர் பதிவேட்டில் பெயர், வயது, பாலினம், தகப்பன் அல்லது கணவன் பெயர், வேலையின் தன்மை, முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று கட்டங்கள் இருந்தன. சாதிக்குக் கட்டம் இல்லை. நிரந்தரப் பணியிடத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் சாதி குறிக்கும் அதே நிறுவனத்தின் வளாகத்துக்குள், ஒப்பந்தப் பணிக்கு வந்ததும் தாள் ஊமையாகிவிடுகிறது. தலித் பெயருடன் வரும் விண்ணப்பங்களுக்குத் தனியார் நிறுவனங்கள் குறைவாகவே அழைப்பு அனுப்பின என்று சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் காட்டினார்கள். மேஸ்திரி ஆள் பிடிக்கும் இடத்தில் விண்ணப்பம்கூட இல்லை.

இந்தத் தொழிலாளர்களுக்காகப் போராடிய சங்கம் இல்லாமல் இல்லை. ஏ.ஐ.டி.யு.சி. சார்பு ஜீவா ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் முன்நின்று நடத்திய போராட்டங்கள் நெடியவை. 2012-இல் பல்லாயிரம் பேர் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைக்குப் போகவில்லை. 2023 ஜூலையில் மறுபடியும் வேலைநிறுத்தம். பணிநிரந்தரம்தான் முதல் கோரிக்கை. அதுவரை இன்கோசர்வ் என்ற கூட்டுறவுச் சேவைச் சங்கத்தில் சேர்ப்பு. தொழிலாளர் வாயில் அது வெறும் ‘சொசைட்டி’. ஒப்பந்தத்திலிருந்து சொசைட்டிக்கு, சொசைட்டியிலிருந்து நிரந்தரத்துக்கு என்று படி ஏறுவதே வாழ்நாள் கனவு. 2001-இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபின் அந்தப் படி வழுக்குமரமாகிவிட்டது. 1921-இல் பார்த்த கணக்கு இங்கே திரும்பி வருகிறது: சேமிப்பு இல்லாதவர்கள், நாற்பது நாள் கூலி இழப்பைத் தாங்கித்தான் சங்கத்தோடு நின்றார்கள். நிரந்தரத் தொழிலாளர் சங்கங்கள் ஆதரவு அறிக்கை கொடுத்தன; உற்பத்தியை அவர்கள் நிறுத்தவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டத்தைச் சாதி எதிர்ப்புப் போராட்டமாகவே எண்ணலாமா? எண்ணலாம் என்பது இக்கட்டுரையின் சாய்வு. இழிவான வேலை, குறைந்த கூலி, கேட்டில் அவமதிப்பு மூன்றும் ஒரே ஆள்மேல் குவிவதைத்தான் சாதி எப்போதும் செய்துவந்திருக்கிறது. ஆனால் அந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அந்தச் சொல் இடம்பெறுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேறிடத்து முயற்சிகள்

சுரங்கம் சார்ந்த ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் சமூக இழிவையும் சேர்த்துக் கையிலெடுத்ததற்கு இந்தியாவில் முன்மாதிரி உண்டு. பிலாய் ஆலைக்கு இரும்புத்தாது அனுப்பும் தல்லி ராஜ்ஹராவில் 1977-இல் சங்கர் குகா நியோகி கட்டிய சங்கத்தில் பெரும்பாலோர் சத்தீஸ்கரின் ஆதிவாசிகளும் கடைநிலைச் சாதியாரும். கூலி உயர்வோடு சாராய ஒழிப்பு, பள்ளிக்கூடம், 1983-இல் தொழிலாளர் பணத்தில் ஒரு மருத்துவமனை என்று சங்கமே வாழ்க்கையின் பாதியைச் சுமந்தது. 1991-இல் நியோகி கொல்லப்பட்டார். ஒரு தனி ஆளுமையை இவ்வளவு சார்ந்திருந்த முயற்சி வேறு இடத்தில் வேர்விடுமா என்ற சந்தேகம் அன்றே இருந்தது.

தமிழ்நாட்டில் இன்னொரு பாதை: சங்கத்துக்கு வெளியே ஒரு முன்னணி. 2007-இல் உருவான தீண்டாமை ஒழிப்பு முன்னணியில் இன்சூரன்ஸ் ஊழியர் சங்கத்தினர் முன்வரிசையில் நின்றார்கள். 2008-இல் உத்தப்புரம் தீண்டாமைச் சுவரில் திறப்பு உண்டானதில் அந்த முன்னணிக்குப் பங்கு உண்டு. தலித் இளைஞர்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களையும் இந்த ஊழியர்கள் நடத்திவந்திருக்கிறார்கள். ஆனால் இதில் சங்கம் கிராமத்துத் தீண்டாமையை எதிர்க்கப் போகிறது. தன் அலுவலகத்துப் பதிவேட்டையும் தன் துப்புரவு ஒப்பந்தத்தையும் அதே கண்ணால் பார்த்ததா என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் நேர்ந்தது சற்று வேறு. அங்கே கறுப்பினத் தொழிலாளர்கள் 1925-இல் ரயில்பெட்டிப் பணியாளர் சங்கம் கட்டியதும், 1968-இல் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் மார்ட்டின் லூதர் கிங் வந்து நின்றதும் கூலியையும் நிறவெறியையும் ஒரே பலகையில் எழுதிய தருணங்கள். அண்மையில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஆசிரியர் சங்கத்தின் ஆதரவோடு, பாகுபாடு தடுக்கும் பட்டியலில் சாதியும் சேர்ந்தது. சாதி பிறந்த நாட்டில் எந்த ஊதிய ஒப்பந்தத்திலும் வராத சொல், கடல் கடந்து போய் ஒரு பல்கலைக்கழக விதியில் ஏறியிருக்கிறது.

இன்னும் முடியாத வழக்குகள்

விடைகளை எடை போட்டால், நிரந்தரப் பணியில் சாதிப் பாகுபாட்டைக் குறைத்ததில் சட்டத்துக்கே முதல் மதிப்பெண், சங்கத்துக்கு இரண்டாவது என்று சொல்லத் தோன்றுகிறது. சங்கம் செய்த உதவி மறைமுகமானது: எல்லோருக்கும் ஒரே ஊதிய விகிதம் என்று வைத்ததால், ஏழாவது இடத்தில் சேர்ந்தவரும் முதல் இடத்தில் சேர்ந்தவரும் ஒரே சம்பளம் வாங்கினார்கள். ஒப்பந்தப் பணியில் சட்டம் ஒதுங்கிக்கொள்ள, சங்கமே தனியாக நின்றது. ஆனால் சாதியைப் பெயர்சொல்லாமல் நின்றது. பெயர்சொன்னால் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குள்ளேயே வன்னியர், தலித் என்று பிளவு வரும் என்ற அச்சம் வெறும் சாக்கு இல்லை. வடமாவட்டங்களின் அண்மைக்கால வரலாறு அந்த அச்சத்துக்குப் போதிய காரணம் தந்திருக்கிறது.

எந்தத் தரப்பும் இன்னும் நேரடியாகத் தொடாத சிக்கல் ஒன்று உண்டு. பணிநிரந்தரம் வரும்போது யாரை முதலில் எடுப்பது? ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் பணிமூப்புப் பட்டியல் என்கிறது. பல ஆண்டு சாம்பல் தின்றவருக்கு முன்னுரிமை என்பதை யாரும் மறுக்க முடியாது. நலச்சங்கங்களின் தர்க்கமோ நிரந்தரப் பணியிடம் என்றாலே சுழற்சிப் பதிவேடு என்று போகும். அதற்கும் சட்ட நியாயம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களில் தலித்துகள் 19 சதவீதத்துக்கு மேல் இருந்தால், பணிமூப்புப்படி போவதே அவர்களுக்கு அதிக இடம் தரும். குறைவாக இருந்தாலோ, பட்டியலின் அடியில் இருந்தாலோ பதிவேடே காப்பாற்றும். சமத்துவத்தின் பெயரால் எந்தக் கோரிக்கையை வைக்க வேண்டும் என்பதே அந்த எண்ணைப் பொறுத்திருக்கிறது. அதை எழுதிவைக்கும் கட்டம் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் என்றைக்குமே இருந்ததில்லை. அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லி எந்தச் சங்கம் முதலில் கேட்கும், கேட்கும் சங்கம் அடுத்த வாக்கெடுப்பில் எத்தனை ஓட்டு இழக்கும் என்பவை நெய்வேலியில் இன்னும் விடை காணாதவை.